கயிற்றுக்குக் கத்தி, கம்பிக்குக் குறடு

தன்னாமுனை வீதியோரத்தில் சைக்கிள் செயின் கழன்று ஒருவர் குந்தியிருந்தால், "குறடு இரிக்கா மனே?" என்ற கேள்விக்கு இன்று யாராவது ஒருவர் எங்கேயாவது கை வைத்து ஒன்றை எடுத்துத் தருவார். ஓட்டோக்காரர் சீற்றைத் தூக்குவார். மோட்டார் சைக்கிள்காரர் பக்கத்து மூடியைத் திறப்பார். வயரிங் வேலைக்குப் போகிற பொடியன் இடுப்பிலிருந்தே உருவித் தருவான். இரண்டு தலைமுறைக்கு முன்னர் இதே கேள்விக்குச் சைக்கிள் கடையைக் காட்டுவார்கள். அது பூட்டியிருந்தால் கம்மாலையைக் காட்டுவார்கள். அந்த நாளில் குறடு தொழில்காரரின் சாமான். அவர் கடையில் அது இருந்தது, அவர் மடியில் இல்லை.

மட்டக்களப்பு நகரத்திலிருந்து திருகோணமலை வீதியால் வடக்கே வந்தால் ஊறணி, பிள்ளையாரடி, சத்துருக்கொண்டான், அதற்கு அடுத்தது தன்னாமுனை. தாண்டினால் மைலம்பாவெளி, பிறகு ஏறாவூர். சுமார் 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிற மட்டக்களப்பு வாவியின் வடபகுதி ஊருக்குப் பக்கத்தில் வந்து போகிறது. ஊர்க்கோயில் புனித வளனாருடையது. அவர் தச்சர். 1955 இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதலாம் திகதியைத் தொழிலாளரான வளனாரின் திருநாளாக்கினார். தச்சரைப் பாதுகாவலராகக் கொண்ட ஊரில் கருவியைப் பற்றி எழுதுவதற்கு எவரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அன்றைய ஆம்பிளையின் இடுப்பைப் பார்த்தால் அவன் செய்த வேலை விளங்கும். உடுப்பு சாரம். சாரத்துக்குப் பொக்கற் கிடையாது. முன்னால் சுருட்டிச் செருகுகிற மடிதான் பொக்கற். காசும் வெற்றிலையும் வைக்கப் பனையோலையில் பின்னிய கொட்டப்பெட்டி. பாக்குவெட்டி வீட்டில் வட்டாவோடு இருக்கும், வெளியே போகும்போது சிலருக்கு மடிக்கு வரும். இவற்றோடு ஒரு வில்லுக்கத்தி. கடையும் கண்ணியும் உள்ளவர்கள் சாரத்துக்கு மேலே அகலமான பெல்ட் கட்டினார்கள். அதில் மூடியும் அமத்துப் பொத்தானும் வைத்த இரண்டு மூன்று பைகள் இருக்கும். ஆனாலும் அந்தப் பைகளில் பணம் இருந்தது, இரும்பு இருக்கவில்லை.

குறடு ஏன் இல்லை என்பதற்கு வறுமையை மட்டும் காரணம் சொன்னால் பாதிதான் சரி. அதற்கு வேலை இருக்கவில்லை. வேலியைக் கம்பு நட்டு நாரால் கட்டினார்கள். கூரைக்குக் கிடுகு; அதைப் பிடித்து வைத்தது தும்புக் கயிறு. மாட்டு வண்டிலில் கயிறு, தோணியில் கயிறு, கிணற்றில் கயிறு, வலையில் நூல். முடிச்சு இறுகினால் கத்தி முனையால் நெம்பலாம், அவிழாவிட்டால் அறுக்கலாம். கயிற்றால் கட்டிய உலகத்துக்குக் கத்தி போதும். கம்பியால் கட்டிய உலகத்துக்குத்தான் குறடு வேண்டும். தன்னாமுனையில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் கத்தி இறங்கிக் குறடு ஏறிய கதை கயிறு போய்க் கம்பி வந்த கதைதான் என்பது என் எண்ணம்.

ஒரேயொரு சாமான் மட்டும் குறட்டுக்கு முன்னோடியாக மடியில் இருந்தது: முள்ளுவாங்கி. ஒரு விரல் நீள இரும்புத் தகட்டை நடுவில் வளைத்து, இரண்டு நுனியையும் ஒன்றோடொன்று பொருந்த அராவிய சின்னச் சாமான். வளைந்த இடத்தில் ஒரு வளையம். அந்த வளையத்திலேயே காது குடையவொன்று, முள்ளைக் கிளறக் கூரான ஊசியொன்று. நல்ல முள்ளுவாங்கியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நுனிகளுக்கு இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. செருப்பில்லாமல் வயலுக்கும் காட்டுக்கும் போனவர்களுக்கு அது அன்றாடத் தேவை. காலில் தைத்த இலந்தை முள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்து எடுக்கலாம் என்று நடந்தால் அது உள்ளே போய் முறிந்துவிடும். தைத்த இடத்திலேயே குந்தி எடுக்க வேண்டும். சின்னக் குறட்டைப் பொக்கற்றில் வைத்திருப்பதற்கு இன்றைக்குச் சொல்கிற நியாயமும் இதுதான். வேலை வருகிற இடத்தில் கருவி இருக்க வேண்டும். வீட்டுப் பெட்டியில் இருக்கிற நல்ல குறடு வீதியில் நிற்பவனுக்கு உதவாது.

கம்பி எங்களிடம் மெல்லத்தான் வந்தது. கொழும்புக்கும் காலிக்கும் இடையில் தந்திக் கம்பி இழுத்தது 1858 இல். அதற்கு ஒரு வருடம் முன்னர், 1857 இல், அமெரிக்காவின் சிக்காகோவில் மத்தியாஸ் க்ளைன் என்ற கொல்லரிடம் தந்திக் கம்பி வேலைக்காரர் ஒருவர் முறிந்த குறட்டோடு வந்தாராம். உடைந்த பாதியை அடித்துக் கொடுத்ததில் தொடங்கியதுதான் தங்கள் தொழில் என்று அந்தப் பெயரில் இன்றும் குறடு செய்கிற நிறுவனம் சொல்கிறது. முள்ளுக்கம்பிக்கு ஜோசப் கிளிடன் காப்புரிமை பெற்றது 1874 இல், இலினோய் மாநிலத்தில். தந்தி, முள்ளுக்கம்பி, மின்சாரம் என்று ஒவ்வொரு கம்பியும் தனக்கென்று ஒரு குறட்டைக் கூட்டிக்கொண்டு வந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்தில் சாதாரண மனிசனின் கைக்கு அதைக் கொண்டுவந்த பெருமை சைக்கிளுக்கு. மட்டக்களப்பு மேடுபள்ளமில்லாத நிலம். சைக்கிள் இல்லாத வீடு குறைவு. ராலி, ஹம்பர் சைக்கிள்களின் சீற்றுக்குப் பின்னால் ஒரு சின்னத் தோல் பை தொங்கும். ஸ்பனர், ஒட்டுப் போடுகிற றப்பர்த் துண்டு, சொலூசன் ரியூப், அவற்றோடு சில பேரிடம் கைக்கடக்கமான குறடு. பிரேக் கம்பியை இழுத்து முடுக்க, மட்காட் கம்பியை நிமிர்த்த, டைனமோ வயரை முறுக்க அது உதவியது. மடிக்கும் பொக்கற்றுக்கும் வர முன்னர் குறடு சைக்கிளில்தான் ஊர் சுற்றியது.

பிறகு 1978 நவம்பர் 23. அன்றிரவு அடித்த சூறாவளியை ஊரில் வயது போனவர்கள் இன்றும் காலக்கணக்காக வைத்திருக்கிறார்கள்: "சூறாவளிக்கு முந்தி", "சூறாவளிக்குப் பிந்தி". மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களில் பெரும்பகுதி ஒரே இரவில் விழுந்தது. தென்னை விழுந்தால் கிடுகு போனது. கிடுகு போனால் அதைக் கட்டுகிற கயிற்றுக்கும் வேலை குறைந்தது. திரும்ப எழும்பிய வீடுகளில் தகரமும் அஸ்பெஸ்டஸும் ஓடும் ஏறின. கிடுகைக் கட்ட இரண்டு கை போதும். தகரத்துக்கு ஆணியும் கொழுக்கியும் கட்டுக்கம்பியும் வேண்டும், கம்பியை முறுக்கக் குறடு வேண்டும். வேலியும் அதே வழியில் போனது. இன்றைக்குத் தூணுக்கும் முள்ளுக்கம்பிக்கும் காசில்லாதவர்தான் கம்பு வேலியோடு நிற்கிறார்.

இப்படிக் குறடு பொக்கற்றுக்கு வரவேண்டிய வேளையில்தான் யுத்தம் வந்து எல்லாப் பொக்கற்றையும் கவிழ்த்தது.

1990 ஜூனுக்குப் பிறகு இந்த வீதியில் பயணம் போவதென்றால் என்ன என்பதை இப்போதைய இளவட்டங்களுக்குச் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். இரண்டு சம்பவம் மட்டும் சொல்கிறேன். மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்விக் கூடமொன்றை நடத்தி, பள்ளிப் படிப்பு முடிந்த பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கற்பித்துக் கொடுத்தவர் யேசுசபைத் துறவி யூஜின் ஜோன் ஹெபேர்ட். அமெரிக்காவின் லூசியானாக்காரர், 1948 இல் இங்கே வந்தவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து ஸ்கூட்டரில் மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். கூட ஓர் இளைஞர். இருவரும் வந்து சேரவில்லை, இன்றுவரை தடயமும் இல்லை. அடுத்த மாதம் 9 ஆம் திகதி, பக்கத்து ஊரான சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளுமாக 180 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். இவை நடந்த வீதியில் ஒருவன் பொக்கற்றில் என்ன வைத்திருந்தான் என்பது விளையாட்டுக் கேள்வி அல்ல.

சோதனைச் சாவடியில் இறங்கி நடந்து, பொக்கற்றில் உள்ளதை எல்லாம் எடுத்துக் கையில் ஏந்திக் காட்ட வேண்டும். அடையாள அட்டை, காசு, சீப்பு, பேனை. அதற்குள் ஒரு குறடு வந்தால் கேள்வி வரும். முள்ளுக்கம்பிச் சுருள்களுக்குப் பின்னால் நிற்கிற சிப்பாய்க்கு, கம்பி வெட்டுகிற வாயுள்ள எந்தச் சாமானும் முதலில் ஒரு வெட்டுக் கருவி. அது ரேடியோ திருத்தவா, வேலி கட்டவா என்பது இரண்டாவது. அவருக்குத் தமிழ் தெரியாது, எங்கள் ஆளுக்குச் சிங்களம் அரைகுறை. "கரண்ட் வேலை, கரண்ட் வேலை" என்று மேலே லைட்டைக் காட்டிச் சிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வயர்மேன் அந்த வருடங்களில் வேலை முடியும் மட்டும் குறட்டையும் திருப்புளியையும் வேலை செய்கிற வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார். சேட் பொக்கற்றில் பேனை மாதிரிக் குத்துகிற டெஸ்டர்தான் ஒரு வயர்மேனின் அடையாளம். அவர் அதையும் குத்துவதில்லை. வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு வருகிற தொழிலாளியைப் பார்த்து, இவர் என்ன வேலைதான் செய்கிறார் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு என்று இப்போது சொல்லிச் சிரிக்கிறார்.

இதில் ஒரு கொடுமை இருந்தது. குறட்டுக்கு அந்தக் காலத்தை விட அதிக வேலை இருந்த காலம் வேறில்லை. வாவிக்கு அப்பால் படுவான்கரைக்குப் பற்றரி, சீமெந்து, உரம் எல்லாம் தடையோடும் அனுமதியோடும்தான் போயின. புதிது வாங்க முடியாத இடத்தில் பழையதைத் திருத்தித்தானே ஆகவேண்டும். யாழ்ப்பாணத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். ஒவ்வொரு வித்தைக்கும் அடியில் முறுக்கிய வயர் ஒன்று இருந்தது. கை நிறைய வேலை, பொக்கற்றில் கருவி வைக்கப் பயம். எனவே குறடு வீட்டுக்குள் ஒதுங்கியது. பெரும்பாலும் தையல் மெசினின் லாச்சிக்குள்.

அந்த லாச்சியைப் பற்றி ஆண்கள் எழுதுவதில்லை. சிங்கர் மெசின் இருந்த வீடுகளில் பொபினுக்கும் ஊசிக்கும் பக்கத்தில் ஒரு மூக்கு நீண்ட சின்னக் குறடு கிடக்கும். முறிந்த ஊசியைத் துணியிலிருந்து இழுக்க, தடித்த துணியில் சிக்கிய கையூசியைப் பிடிக்க, கொழுக்கியை அமத்த, சிப் கழன்றால் நெருக்க. ஊருக்கே குறடு இல்லாத காலத்திலும் தையல்கார அக்காவின் வீட்டில் அது இருந்தது. கடன் கேட்டுப் போன ஆண்கள் திருப்பிக் கொடுக்காமல் விட்டதும் உண்டு. இன்றும் பெண்ணின் சட்டைக்கு ஒழுங்கான பொக்கற் இல்லை. ஆகவே அவளின் குறடு கைப்பையில் போகிறது, அல்லது லாச்சியிலேயே இருக்கிறது. அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் மாறாத ஓரிடம் உண்டென்றால் அது இந்த லாச்சிதான்.

2007 நடுப்பகுதியில் கிழக்கில் சண்டை ஓய்ந்தது. 2009 இல் நாடு முழுக்க. சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. வீதி அகலமாகிக் காபெட் ஆனது. மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் பெருகின. அதற்கு முன்னரே வந்திருந்த கைத்தொலைபேசி இன்னொரு காரியத்தையும் சத்தமில்லாமல் செய்திருந்தது: பெல்ட்டில் பை கொழுவுகிற பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. நொக்கியாவுக்குத் தோல் கூடு வாங்கி இடுப்பில் கொழுவாத இளைஞன் அன்று இல்லை. பெரிய திரையுள்ள தொலைபேசி வந்ததும் அந்தக் கூடுகள் வெறுமையாயின. நல்ல தோலும் பின்னால் இரும்புக் கொழுக்கியும் உள்ள பழைய தொலைபேசிக் கூட்டுக்குள் 125 மில்லிமீற்றர்க் குறடு அளவெடுத்துத் தைத்தது போல இறங்கும். புதுக் கூடு வாங்கக் காசு செலவழிக்க முன்னர் உங்கள் வீட்டு அலுமாரியில் தேடிப் பாருங்கள்.

உலகத்தில் இதற்கிடையில் குறடே மாறியிருந்தது. டிம் லெதர்மன் என்ற அமெரிக்க இளைஞர் 1975 இல் மனைவியோடு ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பா, மத்திய கிழக்கு என்று சுற்றினார். கார் அடிக்கடி மக்கர் பண்ணியது. விடுதிகளில் குழாய் ஒழுகியது. கையில் சாரணர் கத்திதான் இருந்தது. எல்லாம் இருக்கிற இந்தக் கத்தியில் ஒரு குறடு இல்லையே என்று யோசித்து, திரும்பி வந்து வருடக்கணக்காக இரும்போடு மல்லுக்கட்டி, 1983 இல் மடக்குக் குறட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். எங்களுடைய வில்லுக்கத்தியில் இருந்து குறட்டுக்கான நகர்வை அவர் ஒரே ஆயுளில், ஒரே கருவிக்குள் செய்துவிட்டார். இன்னொரு பக்கம், 1882 முதல் ஜேர்மனியின் வுப்பெர்டாலில் குறடு செய்கிற க்னிபெக்ஸ் நிறுவனம் வெறும் 100 மில்லிமீற்றர் நீளத்தில், நகர்த்தி வாயை அகட்டக்கூடிய குறடொன்றை விற்கிறது. ஆள்காட்டி விரலை விடக் கொஞ்சம் நீளம், ஆனால் ஓரங்குலக் குழாயைப் பிடிக்கும்.

சுவிஸிலும் கனடாவிலும் இருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் சொக்லேற்றோடு இவற்றையும் கொண்டு வருகிறார்கள். கத்தி உள்ள மடக்குக் குறட்டை விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள். பெரிய பெட்டிக்குள்தான் போட வேண்டும். தெரியாமல் கொண்டுபோய் விமான நிலையத்தில் பறிகொடுத்தவர்கள் பலர். ஊர் ஹாட்வெயார் கடையில் கிடைப்பது வேறு: நாசிக்கில் செய்கிற தபாரியா, பல பெயர்களில் சீனக் குறடுகள். மலிவானதை வாங்குவதில் பிழையில்லை, ஆனால் வாங்கும்போது வாயை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டு வாயில் வெளிச்சம் தெரிந்தால் மெல்லிய வயரை அது வெட்டாது, சப்பும். முள்ளுவாங்கிக்கு எங்கள் ஆட்கள் வைத்த அதே சோதனை.

இனிப் பொக்கற்றுக்கு வருகிறேன். சேட் பொக்கற்றில் குறடு வைக்கிறவர்கள் கிணற்றடியில் குனியாதவர்களாக இருக்க வேண்டும். குனிந்தால் அது போகும். வாளி விழுந்தால் எடுக்கப் பாதாளக்கரண்டி இருக்கிறது. வாளிக்குக் காது உண்டு, கரண்டி கொழுவும். குறட்டுக்குக் காதில்லை. கயிற்றில் காந்தத்தைக் கட்டி இறக்கிப் பார்க்கலாம். சேற்றுக்குள் புதைந்திருந்தால் கிணறு இறைக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான். காற்சட்டையின் பின்பொக்கற்றும் சரிவராது. மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததும் இடுப்பெலும்பு சொல்லும், அதோடு சீற் உறையும் கிழியும். முன்பொக்கற்றில் வைக்கலாம், ஆனால் தொலைபேசி இருக்கிற பக்கத்தில் வேண்டாம். கண்ணாடிக்கும் உருக்குக்கும் நடக்கிற சண்டையில் எது தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஜீன்ஸின் வலப்பக்கப் பொக்கற்றுக்குள் இன்னொரு குட்டிப் பொக்கற் இருக்கிறதே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சங்கிலிக் கடிகாரம் வைக்கத் தைத்தது, அது 100 மில்லிமீற்றர்க் குறட்டுக்கு நல்ல இடம். தலை உள்ளே, கைபிடி கொஞ்சம் வெளியே. சாவிக் கொத்தில் கொழுவுகிற குட்டி மடக்குக் குறடுகளும் உண்டு. மொட்டை ஊசி பிடிக்கலாம், தொலைந்த சிப் பிடியை இழுக்கலாம். இறுகிய நட்டுக்குப் போனால் சாவிதான் வளையும். எனக்கு அவற்றில் மதிப்பில்லை.

சாரம் கட்டுகிறவருக்கு என்ன வழி? மடியில் குறடு நிற்காது. பாரம் ஒரு பக்கம் இழுக்க, மடியும் அவிழும். பழைய அகல பெல்ட்டின் பையில் வைத்தால் நிற்கும். அதை இன்று கட்டுகிறவர்கள் அருகிவிட்டார்கள். இதனால்தான் வீட்டில் சாரத்தோடு நிற்கிற ஆளைக் குறடு கேட்டால் அவர் மோட்டார் சைக்கிளுக்கு நடக்கிறார். ஜப்பானிலிருந்து மீளச் சீராக்கி வந்த ஹொண்டா எம்.டி. 90 காலத்திலிருந்தே மோட்டார் சைக்கிளில் ஆயுதச் சுருள் வைக்கிற பழக்கம் ஊரில் உண்டு: பிளக் ஸ்பனர், திருப்புளி, குறடு எல்லாவற்றையும் ஒரு றெக்சின் துணியில் சுருட்டி. வண்டி நல்லதாக ஓடுகிற மட்டும் யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள். திறக்கும்போது பாதிச் சாமான் துருவோடு ஒட்டிப் போயிருக்கும்.

துருதான் எங்கள் ஊரின் தனிப் பிரச்சினை. சுவிஸ்காரருக்கு இது விளங்காது. வாவித் தண்ணீர் உவர், காற்று உவர், சாரத்துக்கும் பெல்ட்டுக்கும் இடையில் ஊறுகிற வியர்வையும் உவர். தோல் கூடு பார்க்க அழகு. நனைந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக் குறட்டின் மூட்டைத் தின்னும். இதற்கு ஊர்க்காரர் கண்ட மருந்தை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. பழைய சைக்கிள் ரியூபில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுவார்கள். மூடிய குறட்டின் தலையை அதற்குள் செருகுவார்கள். றப்பர் இறுக்கிப் பிடிக்கும். சுருள்வில் வைத்த குறடென்றாலும் வாய் பிளக்காது. கூர்மூக்கு பொக்கற்றைக் கிழிக்காது. உள்ளே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அது அங்கேயே நிற்கும். தேங்காயெண்ணெய் விடுகிறார்கள் சிலர். அது நாள்பட்டால் பிசினாகி மூட்டை இறுக்கும், தையல் மெசின் எண்ணெய்தான் சரி. வேலை நேரத்தில் அந்த றப்பர்த் துண்டைக் கழற்றிக் கைபிடியில் ஏற்றிவிட்டால் ஈரக்கையிலும் வழுக்காது. இதற்கு மேல் ஒரு கூடு தேவையில்லை.

இந்தக் கூட்டை நான் முதலில் கண்டது ஒரு தோணிக்காரரிடம். வாவியில் மீன் பிடிக்கிறவருக்குக் குறடு இன்று தண்டுக்கு அடுத்த சாமான். வலையில் கெளிறு பட்டால் தெரியும் ஏன் என்று. அதற்கு முதுகில் ஒரு முள், செட்டைக்கு ஒன்றாக இரண்டு பக்கமும் இரண்டு முள். மூன்றும் விறைத்து நின்றால் வலையைச் சுற்றிக்கொள்ளும். கையில் குத்தினால் மணிக்கணக்காகக் கடுக்கும். முன்னர் பலகையில் வைத்துத் தடியால் தட்டுவார்கள், அல்லது கத்தியின் முதுகால் முறிப்பார்கள். வலை நூலும் சேர்ந்து அறும். இவர் மீனை வலையோடு தோணியின் பக்கப் பலகையில் அமத்தி, குறட்டால் முள்ளின் அடியைப் பிடித்து ஒரு நெரி, பக்கவாட்டில் ஒரு திருகு. நறுக்கென்று ஒரு சத்தம். மூன்று முள்ளும் போனதும் மீன் வலையிலிருந்து தானாக வழுகியது. குறட்டின் கைபிடியில் தங்கூசியைக் கட்டி, மற்ற முனையைக் குறுக்குப் பலகையில் முடிந்திருந்தார். "பொக்கற்றுல வெச்சா ஆத்துக்குப் போயிடும் மனே, இது கட்டின மாடு" என்றார். அன்றைக்கு இவருடைய தகப்பன் கத்தியைத் தோணிக் கம்பில் குத்தி வைத்திருப்பாராம். அதே இடத்தில்தான் இன்று குறடு தொங்குகிறது.

2022 இல் எரிபொருள் வரிசை நீண்டபோது பரணிலிருந்த சைக்கிள்கள் இறங்கின. உதிரிப் பாகத்தின் விலை தலைக்கு மேல் போனது. புது பிரேக் கட்டை வாங்குவதற்குப் பதில் பழையதைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். அப்போதுதான் பல பேர், குறிப்பாகப் பிறந்ததிலிருந்து மோட்டார் சைக்கிள் மட்டும் கண்ட பொடியன்கள், கையில் ஒரு குறடு இருந்தால் என்ன செய்யலாம் என்று கண்டுகொண்டார்கள். வரிசை குறைந்ததும் சைக்கிள்கள் பரணுக்குத் திரும்பின. குறடுகள் அதிகம் திரும்பவில்லை. படுவான்கரையில் யானை வேலியின் கம்பி இழுக்கிறவர், வீட்டுக்கு வீடு கேபிள் டிவிக்கும் இன்ரநெற்றுக்கும் வயர் கொண்டுபோகிறவர், சோலர் தகடு பூட்டுகிறவர் எல்லோருடைய இடுப்பிலும் அது இருக்கிறது. சாவடியில் எடுத்துக் காட்டிப் பயந்த அதே சாமானை இப்போது பெல்ட்டுக்கு வெளியே தெரியக் கொழுவிக்கொண்டு போகிறார்கள். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

வாங்கப் போகிறவருக்கு என் தீர்ப்பு: 125 மில்லிமீற்றருக்கு மேல் போகாதீர்கள், அதற்கு மேலே போனால் நாலாம் நாள் வீட்டில் வைத்துவிட்டுப் போவீர்கள். மூக்கு நீண்டதும் அடியில் வெட்டு வாயுள்ளதுமான ஒன்று போதும். முள்ளுக்கம்பியை இதால் வெட்டப் பார்க்காதீர்கள், வாயில் பல் விழும். ரியூப் துண்டைச் சைக்கிள் கடையில் சும்மாவே தருவார்கள்.

கடைசியாக ஒன்று, இதை வீட்டிலுள்ள பொடியன்களுக்கும் சொல்லுங்கள். பொக்கற் குறட்டின் கைபிடியில் இருக்கிற சிவப்பு, மஞ்சள் பிளாஸ்ரிக் உறை கை நோகாமல் பிடிக்கத்தான், கரண்டுக்கு அல்ல. மின்சார வேலைக்குச் செய்த குறட்டில் இரட்டை முக்கோணமும் 1000 வோல்ற் என்ற எண்ணும் பொறித்திருக்கும். அது இல்லாத குறட்டோடு எங்கள் வீடுகளுக்கு வருகிற 230 வோல்ற்றில் கை வைக்க வேண்டாம். மெயின் சுவிச்சை அணைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.